நூற்றெண்பது நாள்

காலை நடைக்கு மிஞ்சிய மருந்து கிடையாது என்பதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். அறுபத்தெட்டு வயதாகிறது. சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, முழங்கால் வலி இல்லை. இந்த அறைக்கு வந்த பிறகும் சுவரிலிருந்து கதவு வரை பதினோரு எட்டு என்று அளந்து வைத்துக்கொண்டு தினமும் நடந்து வருகிறேன்.

நடந்ததை என் கைப்படவே எழுதித் தரும்படி இன்ஸ்பெக்டர் உம்மல் குல்சும் கேட்டுக்கொண்டார்கள். மரியாதை தெரிந்த பெண். வயதைப் பார்த்து நாற்காலி போடச் சொன்னார்கள், ஒரு வார்த்தை தடித்துப் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் நஞ்சுண்டன். பூர்வீகம் தாராபுரம் பக்கம். கோயம்புத்தூரில் பம்புசெட் கம்பெனியும் அதையொட்டி ஒரு பவுண்டரியும் இருக்கின்றன. முந்நூறு பேர் வேலை செய்கிறார்கள். எனக்கு ஒரு மகன், ஒரு மகள். மகள் லோகப்பிரியாவின் கல்யாணத்தன்று மகன் மோகன்குமார் இறந்துபோனான். அவனுக்கு இருபத்தொன்பது வயது. அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

கடிகாரத்திலிருந்து தொடங்குவதுதான் முறை.

கம்பெனியில் ஆட்களைக் கவனிக்கும் அதிகாரி தேஜஸ்ரீ. காந்திபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மகள், கெட்டிக்காரி. போன வருடம் ஜூலையில் அவள் ஒரு திட்டம் கொண்டுவந்தாள். எல்லார் கையிலும் ஒரு கடிகாரம். நடக்கிற எட்டையும், தூங்குகிற நேரத்தையும், நாடித்துடிப்பையும் அதுவே எண்ணிக்கொள்ளும். எண்ணியதைப் போனுக்கு அனுப்பும். போனிலிருந்து கம்பெனிக்குப் போகும். எட்டுக்கு இத்தனை புள்ளி, தூக்கத்துக்கு இத்தனை புள்ளி, புள்ளிக்குத் தகுந்த பரிசு. குக்கர், மிக்சி, பட்டுச்சேலை. நூற்றெண்பது நாள் ஒருநாள்கூட விடாமல் தினம் பதினைந்தாயிரம் எட்டு நடந்தவருக்கு வெள்ளிக் குத்துவிளக்கும், சபையில் பொன்னாடையும். யார் எத்தனை நடந்தார் என்ற பட்டியலை யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம்.

நம் ஆட்களைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் வாரமே ஒருவன் கடிகாரத்தை வெள்ளாட்டுக் குட்டியின் கழுத்தில் கட்டிவிட்டான். இன்னொருவன் பவுண்டரியில் மணல் சலிக்கும் சல்லடை எந்திரத்தில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். சாயங்காலம் பார்த்தால் நாற்பதாயிரம் எட்டு. கூப்பிட்டுக் கேட்டேன். "நானு நடந்தா என்னுங்க, சல்லடை நடந்தா என்னுங்கய்யா? ரெண்டும் நம்ம கம்பெனிக்குள்ளதானுங்களே நடக்குது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவனை ஷிப்டு முடியும் வரை வாசல் கேட்டில் நிற்க வைத்தேன். பரிசு என்றால் யோக்கியமாகச் சம்பாதிக்க வேண்டும். நானும் மகனும் ஆளுக்கொரு கடிகாரம் கட்டிக்கொண்டோம். முதலாளி கட்டாததைத் தொழிலாளி எதற்குக் கட்டுவான்?

திட்டத்தோடு சேர்த்து ஒரு மருத்துவ முகாமும் வைத்தார்கள். ஆகஸ்ட் முதல் வாரம் வேனில் வந்து ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் தேஜஸ்ரீ ஒட்டிய உறை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். அது மோகன்குமாரின் பரிசோதனை முடிவு, முறைப்படி அவனிடம்தான் கொடுக்க வேண்டுமாம். ஆனால் டாக்டரே போன் செய்து, வீட்டுப் பெரியவர்களை வைத்துக்கொண்டு சொல்வது நல்லது என்று சொன்னாராம்.

நான் பிரித்துப் படித்தேன். இதயத்தின் தசை தடித்திருக்கிறது. பரம்பரையாக வரக்கூடியது. உடனே நிபுணரைப் பார்க்க வேண்டும். வேகமாக நடப்பது, ஓடுவது, பாரம் தூக்குவது கூடாது. உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டும். தாளின் மேல்மூலையில் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

எனக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. தெரிந்ததைத்தான் தாளில் எழுதியிருந்தார்கள்.

என் தம்பி ராசப்பன் தொண்ணூற்றொன்றாம் வருடம் தோட்டத்தில் மோட்டார் போடப் போனவன் வரப்பிலேயே விழுந்து செத்தான். முப்பத்தொரு வயது. கட்டுமஸ்தான ஆள். அதற்கு முன்னால் என் பெரியப்பா ஒருவரும் அப்படித்தான் போனார். அப்போது எனக்குக் கீழே மூன்று தங்கைகள் கல்யாணத்துக்கு இருந்தார்கள். எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்கு எந்தக் கெட்ட பெயர் வந்தாலும் பத்து வருடத்தில் கழுவிவிடலாம். 'சீக்கு ஊடு' என்ற பெயர் வந்தால் மூன்று தலைமுறைக்குப் போகாது. பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். என் அப்பா கோணி தைக்கும் ஊசியை எடுத்து வந்து தம்பியின் கணுக்காலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குத்துக் குத்தினார். நான் விளக்குப் பிடித்தேன். பாம்புக்கடி என்று சொன்னோம். ஊரே நம்பியது. மூன்று தங்கைகளும் இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்து நன்றாக இருக்கிறார்கள்.

நானே சொல்லிக்கொள்கிறேன் என்று தேஜஸ்ரீயை அனுப்பிவிட்டு, தாளை பீரோவில் நிலப் பத்திரங்களோடு வைத்தேன். எரிக்கவில்லை. காகிதத்தை எரிக்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. பத்து நாள் கழித்து அவள் கேட்டபோது, பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டோம், நடக்கலாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். அவள் தன் புத்தகத்தில் குறித்துக்கொண்டாள்.

மோகன்குமாரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் அம்மா காளியாத்தாளிடம் சொல்லியிருப்பான். அவள் தன் அக்காளிடம் சொல்லியிருப்பாள். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆவணியில்தான் லோகப்பிரியாவுக்குச் சத்தியமங்கலத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை கிருபாசங்கர். மஞ்சள் மண்டி, கரும்புத் தோட்டம், சுற்றுப்பட்டில் கை நீட்டிச் சொல்லும்படியான குடும்பம். என் அப்பா காலத்தில் அவர்கள் வீட்டுத் திண்ணையில்கூட நாங்கள் உட்கார்ந்ததில்லை. அவர்களே தேடி வந்தார்கள். ஜாதகம் பொருந்தியது. பெண்ணைப் பிடித்தது. எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கிற நேரத்தில் சம்பந்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க மச்சான். உங்க தம்பி சின்ன வயசுலயே போயிட்டாருன்னு சொன்னாங்க. அது பாம்புதானுங்களா? வேற ஒண்ணுமில்லீங்களே?"

முப்பது வருடம் கழித்தும் ஊர் மறக்காது என்று அப்போது புரிந்தது. நான் போனை எடுத்துப் பட்டியலைக் காட்டினேன். முந்நூறு பேரில் மோகன்குமார் பெயர் முதலில் இருந்தது. அதுவரை தொடர்ந்து இருபத்தாறு நாள், நாள் தவறாமல் பதினைந்தாயிரம். சம்பந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "இந்த நடை நடக்கறவன் ஊட்டுல சீக்கு எங்கீங்க இருக்கும்? என்ற ஊட்டுல இருக்கறது பாருங்க, காருக்குப் போறதுக்கே கார் கேக்குது" என்றார்.

அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றினோம்.

அதன் பிறகு அந்த நடை எங்கள் வீட்டு நடையாக மட்டும் இருக்கவில்லை. கிருபாசங்கரும் போனில் பட்டியலைப் பார்க்க ஆரம்பித்தார். சம்பந்தி தன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் காட்டினார். ஒருநாள் மோகன்குமார் மதியம் வரை மூவாயிரம்தான் நடந்திருந்தான். சத்தியமங்கலத்திலிருந்து போன் வந்துவிட்டது: "என்னுங்க, மச்சானுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" விளையாட்டாகத்தான் கேட்டார்கள். அந்த விளையாட்டுக்குள் இருக்கிற ஊசி எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் நானே மகனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாக்கியை நடக்க வைத்தேன்.

அவன் நல்ல பையன். எதிர்த்துப் பேசத் தெரியாது. கார்த்திகை மாதத்தில் மேடு ஏறும்போது நின்று நின்று வந்தான். "அப்பா, மேல ஏறறப்ப நெஞ்சடைக்குதுங்க. ஒருக்கா டாக்டரப் பார்த்துபோட்டு வரட்டுங்களா?" என்று கேட்டான். சோம்பேறித்தனத்துக்கு நெஞ்சின் மேல் பழி போடாதே என்றேன். "தங்கச்சி கல்யாணம் முடியட்டும், ஒரு மாசம் படுத்துக் கெட. ஆரும் கேக்க மாட்டாங்க" என்றேன். அவன் சிரித்துவிட்டு மறுபடி நடந்தான். தங்கச்சி என்று சொன்னால் அவன் எதையும் செய்வான். அந்தப் பாசத்தை ஊட்டி வளர்த்தவன் நான்.

டாக்டரிடம் போனால் சீட்டு எழுதுவார். சீட்டில் பெயர் இருக்கும். நோயின் பெயரும் இருக்கும். கோயம்புத்தூரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வரிசையில் நமக்குத் தெரிந்தவர் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

கல்யாணம் தை மாதத்தில். தாராபுரத்தில், அமராவதிக் கரையோரம் இருக்கும் மண்டபம். அது அவனுடைய நடையில் நூற்று எழுபத்தாறாவது நாள். முந்தின நாள் பூராவும் அவன் சமையல்காரர், பந்தல்காரர் பின்னால் ஓடியிருந்தான். காலை ஆறு மணிக்கு நான் எழுப்பினேன். முகம் வெளிறி இருந்தது.

"இன்னைக்கு ஒருநா உட்டுபோடலாமுங்கப்பா. நெஞ்செல்லாம் என்னமோ பண்ணுதுங்க."

"மாப்பிள்ளை ஊட்டுச் சனம் பூராவும் இங்கதான் கெடக்குது. இன்னைக்குப் பார்த்தா நிறுத்தோணும்? இன்னும் அஞ்சு நாளு. எந்திரி சாமி, நானும் கூட வாரேன்."

நானும் கூடப் போனேன். யாரும் அவனைத் தனியாக விரட்டினேன் என்று சொல்ல முடியாது. பனி இருந்தது. ஆற்றோரமாக அரை மணி நேரத்துக்கு மேல் நடந்தோம். நாலாயிரம் எட்டு தாண்டியிருக்கும், அவன் ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்தான். வியர்த்துக் கொட்டியது. இடது கையைப் பிசைந்துகொண்டே இருந்தான். நான் தோள் கொடுத்து மண்டபத்தின் பின்வாசல் வழியாகக் கூட்டி வந்தேன். சீர்ச் சாமான்கள் வைத்திருந்த அறையில் ஒரு பவானி ஜமுக்காளத்தை விரித்துப் படுக்க வைத்தேன். மணி ஏழு ஐந்து.

"ஆசுபத்திரிக்குப் போலாமுங்கப்பா."

"தாலி ஏறட்டும் கண்ணு. ஒம்பதேகாலுக்கு முகூர்த்தம். அப்பறம் நானே கூட்டீட்டுப் போறேன்."

"டாக்டரு ஆராச்சும் சித்தெ வந்து பார்த்துட்டுப் போகட்டுமுங்களே."

வந்திருந்தவர்களில் இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். இரண்டு பேருமே மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம். அதை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். ஒரு டாக்டர் உள்ளே வந்தால் பத்து நிமிடத்தில் சம்பந்திக்குத் தெரியும், இருபது நிமிடத்தில் பந்தல் பிரிக்கப்படும், மணவறை வரை வந்து நின்ற பெண்ணை அதற்கப்புறம் யார் கட்டுவார்கள் என்று கேட்டேன். அவன் தலையசைத்தான். இன்ஸ்பெக்டர் இதை நம்பவில்லை. வலியில் தலை புரண்டிருக்கும் என்கிறார்கள். என் மகனை இருபத்தொன்பது வருடம் பார்த்தவன் நான். அது சம்மதம்தான்.

அவன் போனை வாங்கி வைத்துக்கொண்டேன். அறையை வெளியே பூட்டிச் சாவியை மடியில் சொருகிக்கொண்டேன். சீர்ச் சாமான் அறையைப் பூட்டி வைப்பது வழக்கம்தான்.

எங்கள் கல்யாணத்தில் கைகோர்வை என்று ஒரு சீர் உண்டு. மாப்பிள்ளையும் பெண்ணின் உடன்பிறந்தவனும் எதிரெதிரே உட்கார்ந்து கைகோர்க்க வேண்டும். மங்கல வாழ்த்துப் பாடி முடிக்கும் வரை கையை விடக்கூடாது. இரண்டு குடும்பமும் ஒன்றானதற்கு அதுதான் சாட்சி. எட்டு மணிக்கு மச்சானைக் கூப்பிட்டார்கள். பவுண்டரியில் உலை உடைந்து இரும்பு ஓடிவிட்டது, கோயம்புத்தூருக்குப் போயிருக்கிறான் என்று சொன்னேன். கிருபாசங்கர் முகம் சுருங்கியது. "என்ற கையப் புடிக்கறதுக்கு அப்பிடி என்னுங்க பயம் மச்சானுக்கு?" என்று பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கும்படி கேட்டார். பங்காளி மகன் ஒருவனை மணையில் உட்கார வைத்தேன். முறையில் அதற்கு இடம் உண்டு.

காளியாத்தாள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒத்தைக்கொரு அண்ணன். அவன் கை கோக்காம இது என்ன கல்யாணமுங்க? வரச்சொல்லுங்க, காத்திருக்கலாம்" என்றாள். மகனுடைய போனிலிருந்து என் போனுக்கு நானே ஒரு செய்தி அனுப்பினேன். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நானே படித்துக் காட்டினேன்: எனக்காகக் காத்திருக்க வேண்டாம், கோபப்பட வேண்டாமென்று தங்கச்சியிடம் சொல்லுங்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். லோகப்பிரியா மணவறையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் தலைகுனிந்து உட்கார வேண்டும் என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பினேன்.

எட்டே காலுக்கு ஒரு தடவை அறையைத் திறந்து பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். அம்மாவைக் கூப்பிடச் சொன்னான். அம்மா மணவறைப் பக்கம் இருக்கிறாள், இப்போது எழுந்து வந்தால் நல்லாயிருக்காது என்று சொன்னேன். வெளியே நாதசுரம் பலமாக இருந்ததால் அவன் சொன்ன வேறு ஒன்றிரண்டு வார்த்தைகள் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி பூட்டினேன்.

ஒன்பது இருபதுக்குத் தாலி ஏறியது. என் வாழ்நாளில் அதுபோல நிறைவான நிமிடம் வேறு இல்லை.

இந்த இடத்தில்தான் இன்ஸ்பெக்டர் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார்கள். மகனுடைய கடிகாரத்தின் கணக்கை அவர்கள் தாளில் எடுத்து வைத்திருக்கிறார்கள். அவனுடைய துடிப்பு நூற்றெழுபதுக்கும் நாற்பதுக்குமாக ஏறி இறங்கி, ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு நின்றிருக்கிறது. தாலி ஏறிய பிறகு முப்பத்திரண்டு நிமிடம் உயிர் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரி பத்து நிமிட தூரம். தாலி ஏறியதும் கூட்டிப்போகிறேன் என்று சொன்னீர்களே, ஏன் போகவில்லை என்கிறார்கள்.

நான் சொன்னதைத் திரும்பவும் எழுதுகிறேன். அது முதல் பந்தி நேரம். சம்பந்தி வீட்டார் இலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்ணைப் பெற்றவன் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டுப் பரிமாறச் சொல்லாவிட்டால் கை கழுவாமல் எழுந்துபோகிற சனம் அது. சம்பந்தி சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "பாருங்க மச்சான், கல்யாணத்தன்னைக்குக் கூட உங்க பையன் உடலையே. நாலாயிரத்துச் சொச்சம் காட்டுது" என்று பக்கத்து இலைக்காரரிடம் நீட்டினார். அந்த இலைக்காரர் டாக்டர். "நல்ல இருதயமுங்க" என்றார் அவர். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போது மணி ஒன்பது நாற்பது இருக்கும்.

பந்தி முடிந்து தாம்பூலம் கொடுத்துவிட்டுப் பத்து நாற்பதுக்கு அறையைத் திறந்தேன். கதவுக்குப் பக்கத்தில் கிடந்தான். படுக்க வைத்த இடத்திலிருந்து ஐந்தாறு முழம் இருக்கும். ஜமுக்காளமும் கூடவே இழுபட்டு வந்திருந்தது. அவனைத் தூக்கி நேராகப் படுக்க வைத்து ஜமுக்காளத்தையும் சரி செய்தேன். பிறகு சீர் மூட்டையில் குத்தியிருந்த கோணி ஊசியை எடுத்தேன். எங்கே குத்த வேண்டும், எவ்வளவு ஆழம் குத்த வேண்டும் என்பது எனக்கு மறக்கவில்லை.

மதியம் ஒரு மணிக்கு நல்ல நேரத்தில் பெண்ணைச் சத்தியமங்கலத்துக்கு அனுப்பி வைத்தோம். அவள் காரில் ஏறும்போது, "அண்ணன் வந்தா நான் பேசவே மாட்டேன்னு சொல்லுங்கப்பா" என்றாள். சொல்கிறேன் என்றேன். அவர்கள் வீட்டில் விளக்கேற்றி விட்டாள் என்று போன் வந்த பிறகுதான் அழுதேன். கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வந்தவன் ஆற்றில் கால் கழுவ இறங்கினான், பாம்பு தீண்டிவிட்டது என்று சொன்னேன். பொழுது இறங்குவதற்குள் காரியத்தை முடித்தோம். லோகப்பிரியா வந்து சேர்ந்தபோது எரிந்து முடியும் நேரம். சம்பந்தி என்னைக் கட்டிக்கொண்டு தேம்பினார். கல்யாணம் நடந்தது நடந்ததுதான் என்று அவரே சபையில் சொன்னார்.

நான் செய்த ஒரே பிழை, எடுத்து வைத்த விதம். அவனுடைய கடிகாரத்தைக் கழற்றி, போனோடு சேர்த்து பீரோவில் அந்த மருத்துவத் தாளின் மேல் வைத்தேன். மகனின் பொருள்கள் ஓரிடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தால் கடிகாரம் தன்னிடம் உள்ளதைப் போனுக்குத் தானாகவே கொடுத்துவிடும், போன் கம்பெனிக்கு அனுப்பிவிடும் என்பது எனக்குத் தெரியாது. நூற்றெண்பது நாள் முடிந்து பரிசுப் பட்டியல் போட உட்கார்ந்த தேஜஸ்ரீ அதைப் பார்த்திருக்கிறாள். மதியத்துக்கு மேல் ஆற்றுக்கு நடந்து போனதாக நான் சொன்னவன் ஏழு ஐந்திலிருந்து ஓர் எட்டும் வைக்கவில்லை. அவளிடம் மருத்துவத் தாளின் நகலும் இருந்தது. என்னிடம் கேட்காமல் நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்விட்டாள். என் சம்பளத்தில் சாப்பிட்டவள்.

போன வாரம் லோகப்பிரியா என்னைப் பார்க்க வந்தாள். கழுத்தில் தாலி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இருந்தது.

"அண்ணன் கடைசியா என்ன கேட்டுச்சுங்க?"

தண்ணீர் கேட்டான், கொடுத்தேன் என்று சொன்னேன்.

"எனக்கு இந்தக் கவுறு ஏறோணும்னு கதவுக்கு அக்கட்டால அண்ணனச் சாகக் குடுத்திருக்கறீங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே எந்திரிச்சு வந்திருப்பனுங்களே."

அதனால்தான் கேட்கவில்லை என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். போகும்போது, தனக்கும் அந்த நோய் இருக்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். கிருபாசங்கர்தான் கூட்டிக்கொண்டு போகிறாராம். பொது வரிசையில் உட்காரப் போகிறார்கள். பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவார்கள். மகன் இறந்ததைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். இதை நினைத்தால் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

மற்றபடி நான் ஒத்துக்கொள்கிறேன். நோய் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் நடக்க வைத்தேன். தெரிந்தேதான் கதவைப் பூட்டினேன். திறந்திருந்தால் அவன் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான், என் மகள் என் வீட்டில் இருந்திருப்பாள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். குடும்பத் தலைவன் என்றால் அதுதான் வேலை.

நேற்று இன்ஸ்பெக்டர் இன்னொரு தாளை என் முன்னால் வைத்தார்கள். அது அன்றைக்கு என் கையில் இருந்த கடிகாரத்தின் கணக்கு. கதவைப் பூட்டியபோது என் துடிப்பு அறுபத்தாறு. தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி பூட்டியபோது அறுபத்தைந்து. ஊசி எடுத்தபோது அறுபத்து நான்கு. அந்தக் காலை முழுவதும் ஒரு தடவைகூட எழுபதைத் தொடவில்லை. இதை எனக்கு எதிரான சாட்சியாகக் கோர்ட்டில் வைக்கப் போகிறார்களாம். படித்த பெண், இருந்தும் விளங்கவில்லை. மகனுக்குக் கெடுதல் நினைக்கிறவன் நெஞ்சு இப்படியா துடிக்கும்? திட்டத்தில் மன அமைதிக்கென்றும் தினம் ஒரு புள்ளிக் கணக்கு உண்டாம், அந்தத் தாளில்தான் பார்த்தேன். அன்றைக்கு முந்நூறு பேரில் முதலிடம் எனக்கு.